தினமும் 15 நிமிடம் படம் கீற: நேரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

கல்லடிப்பென்சில் (ஞாயிறு, இரவு 10:40)

எல்லாருக்கும் வணக்கம். வீடு மட்டக்களப்பில் கல்லடி, வேலை கல்முனையில் ஒரு வங்கியில். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாம் தரம், அதனால் இந்த வருடம் எங்கள் வீடே புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறது.

பள்ளிக்கூடக் காலத்தில் நன்றாகப் படம் கீறுவேன். உயர்தரத்தில் (ஏ.எல்) சித்திரம் எடுக்க ஆசை. வீட்டில் வர்த்தகம் என்றார்கள், வர்த்தகம் எடுத்தேன். அதற்காக இப்போது அழப்போவதில்லை. போன தை மாதம் டவுனில் தடித்த தாள் உள்ள கொப்பி ஒன்று வாங்கி, தினமும் 15 நிமிடம், ஒரு படம் என்று தொடங்கினேன். ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல். பதினாலாம் நாள் அவன் எழும்பி ஓடித் திரிகிறான், எனக்குக் கொப்பியைத் திறக்க வெட்கமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் வெட்கம். மாசியில் அது அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

போன கிழமை தூசு தட்டி எடுத்துப் பார்த்தால், பத்தாம் பக்கத்தில் சின்னவன் ஏழாம் வாய்பாடு எழுதி வைத்திருக்கிறான். அதிலும் ஏழெட்டு ஐம்பத்துநாலாம்.

வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, அதற்கு நடுவில் எழுதுகிற, கீறுகிற, பாடுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எப்படி? ஒரு நிபந்தனை: "வெள்ளென எழும்புங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். நான் நாலரைக்கே எழும்புகிறேன். அந்த நேரம் அடுப்படிக்குச் சொந்தம்.

நாலரைமணி (ஞாயிறு, இரவு 11:05)

அக்கா, என்னுடைய பெயரைப் பார்த்தாலே நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். மன்னிக்க வேண்டும். நான் ஆரையம்பதி, வயது 26, சிறுகதை எழுதுகிறேன். நாலரைக்கு எழும்பி ஐந்தரை வரை எழுத்து. போன் வேறு அறையில். ஊர் தூங்கும், பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் மட்டும் கேட்கும். 21 நாள் விடாமல் செய்தால் மறுகா அது பழக்கமாகிவிடும், உடம்பு தானாக எழும்பும். நீங்கள் அரை மணித்தியாலம் முன்னால், நாலு மணிக்கு எழும்பிப் பாருங்கள்.

கல்லடிப்பென்சில் (ஞாயிறு, இரவு 11:11)

தம்பி, ஒரு சின்னக் கேள்வி. ஐந்தரைக்கு நீங்கள் எழுதி முடித்து வரும்போது, புட்டு அவித்து வைத்திருப்பது யார்?

நாலரைமணி (ஞாயிறு, இரவு 11:19)

அம்மா.

ஏறாவூர்க்காற்று (ஞாயிறு, இரவு 11:20)

வழக்கு முடிந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

மூக்குக்கண்ணாடி (திங்கள், காலை 6:30)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த 21 நாள் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலர் அதை நம்பித்தான் இருபத்திரண்டாம் நாள் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள்.

அது மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960 இல் எழுதிய ஒரு விஷயத்திலிருந்து வந்தது. முகத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழக ஏறக்குறைய 21 நாளாவது எடுக்கிறது என்று தான் கவனித்ததை அவர் எழுதினார். "ஆவது" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகம் பழகுவதும் படம் கீறப் பழகுவதும் ஒன்றல்ல என்பதும் விழுந்துவிட்டது.

லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்து 12 கிழமை பார்த்தார்கள். 2010 இல் அச்சில் வந்தது. ஆளுக்கொரு சின்னப் பழக்கம்: சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு சின்ன ஓட்டம் என்று. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலை வர எடுத்த காலத்தின் நடு அளவு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகிறது. (ஆய்வே 84 நாள்தான் என்பதால் அந்த 254, கணக்குப் போட்டு நீட்டிப் பார்த்த எண்.) தண்ணீர் குடிப்பது கெதியாகப் பழகியது, உடற்பயிற்சி இழுத்தது.

அக்காவுக்கு வேண்டியது அதில் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. சின்னவனின் காய்ச்சல் உங்கள் பழக்கத்தைக் கொல்லவில்லை. பதினாலாம் நாள் வெட்கம்தான் கொன்றது.

கல்லடிப்பென்சில் (திங்கள், பகல் 12:50)

சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். சோறு ஆறிவிட்டது. நன்றி.

பாதைக்காரன் (திங்கள், இரவு 8:15)

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீடு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைப் பக்கம். தினமும் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் போய், பின்னேரம் பாதையில் வருகிறேன். வெளியூர்காரர் இதை வாசித்தால்: எங்கள் ஊரில் பாதை என்றால் ரோட்டு இல்லை. வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை.

அதில் ஏறினால் செய்ய ஒன்றும் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எஞ்சின் சத்தத்தில் கதைக்கவும் முடியாது. காற்றைப் பொறுத்து பத்து நிமிடம், சில நாள் அதற்கும் கூட. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் சார்ஜ் இறங்கிப் போயிருந்தது. சேர்ட் பையில் கிடந்த வரவுத் துண்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதினேன். அன்றிலிருந்து போகும்போது இரண்டு வரி, வரும்போது இரண்டு வரி. பாதை கரையில் முட்டினால் சொல் பாதியில் நின்றாலும் பேனையை மூடிவிடுவேன். காலையில் பாதியில் விட்ட சொல் பள்ளிக்கூடத்தில் முழுநாளும் பின்னால் திரியும். பின்னேரம் ஏறும்போது அது தயாராக நிற்கும். எல்லாம் நல்ல கவிதை என்று சொல்லமாட்டேன். நூற்றில் ஐந்து தேறும்.

இப்போது உண்மை ஒன்று சொல்கிறேன். சித்திரை விடுமுறையில் வீட்டில் இருந்தேன். மேசை இருந்தது, ஃபான் இருந்தது, நேரம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஒரு வரி வரவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று, குருக்கள்மடம் துறையில் சைக்கிளை ஏற்றும்போதே வந்துவிட்டது. அதனால் எனக்கு நேரம் இல்லாத பிரச்சினை இல்லை என்று தெரிந்துகொண்டேன். பாதை இல்லாத பிரச்சினைதான்.

கல்லடிப்பென்சில் (திங்கள், இரவு 9:02)

சேர், எனக்குப் பாதை இல்லை, பஸ் இருக்கிறது. கல்லடியிலிருந்து கல்முனை வரை கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். நாளைக்குப் பார்க்கிறேன்.

கல்லடிப்பென்சில் (செவ்வாய், இரவு 9:30)

பார்த்தேன். காத்தான்குடி வரை ஒற்றைக் காலில் நின்றேன். களுவாஞ்சிகுடியில் சீற் கிடைத்தது, மடியில் யாருடையதோ பிள்ளையும் சேர்ந்து கிடைத்தது. கொப்பியை எடுத்தால் பக்கத்து அம்மா "என்ன மகள் கீறுறீங்க, என்னையா?" என்று கேட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார். அவரைத்தான் கீற வேண்டியதாயிற்று. ஓந்தாச்சிமடம் தாண்டும்போது டிரைவர் ஒரு பிரேக் போட்டார், அவருக்கு மூக்கு காது வரை போய்விட்டது. படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெரியகல்லாற்றில் இறங்கிப் போனார்.

ஏறாவூர்க்காற்று (செவ்வாய், இரவு 9:41)

நவீன ஓவியம் என்று சொல்லியிருக்கலாமே.

தறிச்சத்தம் (புதன், இரவு 9:10)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் மருதமுனை. மூத்தாப்பா தறி நெய்தவர், வாப்பாவும் கொஞ்சக் காலம். இப்போது வீட்டில் தறி இல்லை, தறி இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் நிற்கிறது.

"தினமும்" என்ற சொல்லை நீங்களெல்லாம் இனிப்பாகச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் அது சோறு. மூத்தாப்பா தறிக் குழியில் காலை விட்டால் லுஹர் பாங்குக்குத்தான் எழும்புவார். ஒரே சாறன், ஒரே கட்டம், மிதி, நாடா, மிதி, நாடா. அதில் கலை எங்கே என்றால், பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஓட்டும் அன்று மட்டும். கறுப்பு எத்தனை இழை, வெள்ளை எத்தனை, நடுவில் ஒரு பச்சை வைப்பதா விடுவதா என்று அன்றுதான் யோசிப்பார். மூத்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார், அவ சொன்னதற்கு எதிராகச் செய்வார். பாவு தறியில் ஏறிவிட்டால் நீளவாக்கில் கோடு மாறாது. மறுகா குறுக்கே போகும் ஊடையில் மட்டும்தான் கொஞ்சம் விளையாடலாம்.

நான் இப்போது செய்வது இதுதான். மகளின் பழைய சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றில், இஷா தொழுதுவிட்டு, ஒரே ஒரு வரிக்கு நிறம் கொடுப்பேன். ஒரு வரியில் 32 கட்டம். நாலு நிமிடமும் எடுக்காது. 40 வரி ஆனால் ஒரு கரை டிசைன். நிமிடம் பார்ப்பதில்லை, வரிதான் கணக்கு. மாமிக்கு ஆஸ்பத்திரி என்று பதினொரு நாள் விட்டேன். பன்னிரண்டாம் நாள் திறந்தால் 17 ஆவது வரி அப்படியே நின்றது, 18 ஐத் தொடங்கினேன். தேதி போடுவதில்லை, அதனால் பதினொரு நாள் போனது கொப்பிக்குத் தெரியாது.

கல்லடிப்பென்சில் (புதன், இரவு 9:18)

ராத்தா! தேதி! நான் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் மூலையில் தேதி எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். தை 1, தை 2, தை 3 என்று. வங்கிப் புத்தி. லெட்ஜர் மாதிரிக் கொப்பி வைத்திருந்தால் வெறுமையான நாள் எல்லாம் கடன் மாதிரித்தானே தெரியும்.

தறிச்சத்தம் (புதன், இரவு 9:25)

அழிறப்பர் இருக்குதானே, தங்கச்சி.

மத்தளக்காரன் (வியாழன், இரவு 7:50)

மகள், நான் படுவான்கரைப் பக்கத்து ஆள், வயது 68. மகன் போனில் தட்டிக் கொடுக்கிறான், பிழை இருந்தால் அவனுடையது.

நீங்கள் எல்லாரும் தனித்தனியாக இருந்து, தனித்தனியாக நேரம் தேடி, தனித்தனியாக வெட்கப்படுகிறீர்கள். நாங்கள் பழகிய கலை இப்படி இல்லை. கூத்து என்றால் வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு ஊர் கூடிப் பேசும், எந்தக் கூத்து, இரண்டு பாணியில் வடமோடியா தென்மோடியா என்று. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வருவார். ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து சட்டம் கொடுப்பார், அதாவது இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார். அதற்குப் பிறகு இரவு இரவாகப் பழக்கம். சதங்கை அணிவது ஒரு நாள், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்ப்பது, கடைசியில்தான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் போகும். பகலில் மாடு, வயல், மீன். இரவில் களரி, கூத்தாடும் இடம். ஒருவரும் நேரம் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. நீ போகாவிட்டால் உனக்கு எதிரே நின்று சண்டை போடுகிற கர்ணன் யாரோடு சண்டை போடுவான்? ஆள் அனுப்பி வீட்டில் இருந்து இழுத்துவருவார்கள்.

மற்றது, அது வருடம் முழுக்க இல்லை. விதைக்கிற காலத்தில் ஒருவரும் கூத்தை நினைக்கவே மாட்டார்கள். அதற்காக யாரும் வெட்கப்பட்டதும் இல்லை. உங்களுக்கு இந்த வருடம் மகளின் பரீட்சை விதைப்பு என்றால் விதையுங்கள். வெட்டி முடிந்து வாருங்கள்.

நாலரைமணி (வியாழன், இரவு 8:20)

ஐயா, அந்தக் களரியில் பெண்கள் எத்தனை பேர்? அக்காவைக் கேட்டதுபோல உங்களையும் கேட்கிறேன்.

மத்தளக்காரன் (வியாழன், இரவு 8:44)

சரியான கேள்வி. களரியில் ஒருவரும் இல்லை, பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டினோம். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுப் போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்கள். இப்போது பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள், நன்றாகவும் ஆடுகிறார்கள்.

இன்னுமொன்று, நான் சொன்னதற்கு நானே எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அண்ணாவியார் மட்டும் வருடம் முழுக்கப் பழகினார். வயல் வாடியில் காவலுக்கு இருக்கும்போது அவருடைய விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். சாறனின் அந்த இடம் மட்டும் வெளிறியிருக்கும். கேட்டால் "நுளம்பு" என்பார்.

இரவுக்கடமை (வெள்ளி, காலை 9:05)

இரவு ட்யூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், எனவே கோபமாகத் தெரிந்தால் அது தூக்கம்.

15 நிமிடம் கிடைத்தால் தூங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். பொம்பிளைகள் சோறு வைக்கிற நேரத்திலிருந்து வெட்டி எடுக்க வீட்டில் விடமாட்டார்கள், வேலையிலிருந்து வெட்ட முடியாது, மிச்சம் இருப்பது தூக்கம் மட்டும். அதில் கை வைத்துக் கலை செய்தால் ஒரு மாதம் பெருமையாக இருக்கும், இரண்டாம் மாதம் பிள்ளைகளோடு எரிந்து விழுவீர்கள். வாட்டில் நான் தினமும் பார்க்கிறேன், நாரிப்பிடிப்பு, பிரஷர், "ஒண்டுமில்ல மிஸ், களைப்பு மட்டும்தான்".

நான் செய்வது ஒரு வரிகூட இல்லை. விடிய ஸ்கூட்டியில் கல்லடிப் பாலத்தால் வருவேன். புதுப் பாலத்தில் போகும்போது பக்கத்தில் 1924 ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலம் தெரியும். அதிலோ வாவியிலோ ஒரு நிறம் மட்டும் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து, தலை கழுவ முதல், காலண்டரில் அந்த நிறத்தை எழுதுவேன். போன கிழமை: "தண்ணீர் கூடிய பால்". "பழுத்த பாக்குத் தோல்". "பாலத்துத் துரு, மழைக்குப் பிறகு, மாசிச் சம்பல்". "ஊசி மருந்துக் குப்பி". "இன்று பார்க்கவில்லை, லொறி". அவ்வளவுதான்.

பாதைக்காரன் (வெள்ளி, பகல் 2:30)

தங்கச்சி, நூற்றில் ஐந்து தேறும் என்று எழுதினேனே. உங்கள் ஐந்தில் மூன்று தேறிவிட்டது. "இன்று பார்க்கவில்லை, லொறி" உட்பட.

காரைதீவான் (வெள்ளி, இரவு 8:00)

எங்கள் ஊர் விபுலானந்த அடிகளை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். பழந்தமிழ் இசையைப் பற்றிய யாழ் நூலுக்கு அவர் செலவழித்தது 14 வருடம் என்பார்கள். அதற்குள்தான் பள்ளிக்கூட நிருவாகம், பத்திரிகை வேலை, 1943 இலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவி, நடுவில் நோய். 1947 ஆனியில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது, ஆடியில் அவர் இல்லை. அவருக்கு மட்டும் நாளுக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததா?

தறிச்சத்தம் (வெள்ளி, இரவு 8:12)

அடிகளார்மேல் எங்களுக்கும் மரியாதை உண்டு, காக்கா. ஆனால் அவர் துறவி. யாருக்கும் தலை பின்னிவிட வேண்டியதில்லை.

மூக்குக்கண்ணாடி (வெள்ளி, இரவு 8:40)

இதே கதைதான் ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப்புக்கும். மொத்தம் 47 நாவல் எழுதினார், அதில் பலவற்றைத் தபால் கந்தோரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே. விடிய ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்று கணக்குப் பார்த்து எழுதுவாராம். ஒழுங்குக்கு எல்லாரும் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவரே தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்ட ஒன்றை மட்டும் சொல்லமாட்டார்கள். அவரை எழுப்பிக் கோப்பி கொண்டுவந்து கொடுக்க ஒரு வயதான வேலையாள் இருந்தார். அதற்காக அவருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண் மேலதிகச் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த ஆளுக்குத்தான் கடன்பட்டிருப்பதாக ட்ரொலப் எழுதுகிறார்.

கல்லடிப்பென்சில் (வெள்ளி, இரவு 9:15)

அந்த வேலையாள் எத்தனை மணிக்கு எழும்பினாராம்?

நாலரைமணி (வெள்ளி, இரவு 9:16)

நான் இந்த இழையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

ஏறாவூர்க்காற்று (சனி, காலை 10:00)

தம்பி போகாதே, உன்னை வைத்துத்தான் இது ஓடுகிறது.

மத்தளக்காரன் ஐயா சொன்ன "கூட்டமாகச் செய்வது" பற்றி ஒரு அனுபவம். போன வருடம் நாங்கள் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினோம், 30 நாள், தினமும் ஆளுக்கொரு போட்டோ. 23 பேர். முதல் நாள் 23 போட்டோ, 140 இதயம். நாலாம் நாள் ஒருவர் மற்றவரின் போட்டோ இணையத்தில் எடுத்தது என்றார். ஆறாம் நாள் ஒரு மரண அறிவித்தல். அன்றைக்குப் போட்டோ போடுவது மரியாதை இல்லை என்று ஒருவரும் போடவில்லை. ஏழாம் நாளும் போடவில்லை. இப்போது அந்தக் குழுவில் காலை வணக்கமும் காணி விற்பனையும் நடக்கிறது. எனவே கூட்டம் என்றால் சின்னதாக வையுங்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் காட்ட, ஒருவர் பார்க்க.

மத்தளக்காரன் (சனி, காலை 11:20)

போனில் இருக்கிற கூட்டத்துக்கு ஆள் அனுப்பி இழுத்துவர முடியாதுதானே.

இரவுக்கடமை (ஞாயிறு, பகல் 1:00)

கேட்கலாமோ தெரியாது, அக்கா. வீட்டுக்காரர் எங்கே இந்தக் கதையில்?

கல்லடிப்பென்சில் (ஞாயிறு, இரவு 10:20)

கேட்கலாம். நல்ல மனுஷன். "சொன்னால் செய்வேனே" என்ற இனம். சொல்வதும் ஒரு வேலை என்பது இன்னும் அவருக்கு விளங்கவில்லை. இந்த இழையைக் காட்டினேன். முழுதும் வாசித்துவிட்டு "அந்தப் பெடியனைப் போட்டுத் தள்ளிவிட்டீர்கள்" என்று தம்பிக்காகக் கவலைப்பட்டார்.

கல்லடிப்பென்சில் (நாலு கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 10:50)

யாராவது இருக்கிறீர்களா? அறிக்கை தர வந்தேன்.

பஸ்ஸைக் கைவிட்டேன். அது கீறும் இடம் இல்லை. ஆனால் பார்க்கும் இடம். நர்ஸ் தங்கச்சியிடம் திருடியது அது. பஸ்ஸில் ஒன்றை மட்டும் பார்த்து வைப்பேன். கீறுவது வேறு இடத்தில்: மகளின் ரியூசன் கடப்படி, அதாவது வாசல். ஐந்தரைக்கு விடுவதாகச் சொல்வார்கள், ஒரு நாளும் ஐந்தேமுக்காலுக்கு முன் விட்டதில்லை. இவ்வளவு நாளும் அந்தக் கால் மணித்தியாலத்தை போனில் தேய்த்துக்கொண்டு, சேரைத் திட்டிக்கொண்டு நின்றேன். இப்போது ஸ்கூட்டி சீற்றை மேசையாக்கி நிற்கிறேன். அவர் நேரத்துக்கு விட்டால்தான் கோபம் வருகிறது.

பெரிய கொப்பி சரிவரவில்லை, எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். கையடக்கமான சின்னக் கொப்பி, ஒரு பென்சில். தேதி இல்லை. எண் மட்டும், ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு நாள் கொப்பியை மறந்துவிட்டேன், கச்சான் கடலைச் சுருளைப் பிரித்து அதில் கீறினேன், அது பதினொன்று. இப்போது 19 வந்திருக்கிறது. நாலு கிழமைக்கு 19. முன்னைய நான் என்றால் தவறிய நாளை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன்.

எல்லாம் கைகள். திட்டம் போட்டதில்லை, அப்படி வந்தது. கொண்டக்டரின் கை: இடது கைவிரல்களுக்கு நடுவில் தாள்கள் நீளவாக்கில் மடித்து, ஆயிரம் ஒரு இடுக்கு, ஐந்நூறு ஒரு இடுக்கு, நூறு ஒரு இடுக்கு. சின்னவிரல் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சின்னவிரலைக் கீற எனக்கு ஐந்து நாள் எடுத்தது. பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் பார்ப்பேன், பின்னேரம் கீறினால் பிழைக்கும். முழு ஆளின் பாரமும் அதில் தொங்குகிறது, ஆனால் விரல் இறுகவில்லை. இறுக்கமாகக் கீறினால் அது வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. ஐந்தாம் நாள் கோட்டைத் தளர்த்தி விட்டேன், கொஞ்சம் வந்தது.

மற்றது, வீட்டுக்காரர் போன கிழமை தானாகவே வந்து, "இனி ரியூசனுக்கு நான் போய்க் கூட்டி வாறன், நீர் வீட்டில் ஆறுதலாக இரும்" என்றார். 12 வருடத்தில் கேளாமல் வந்த முதல் உதவி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆள் இன்னும் குழம்பிப்போய்த் திரிகிறார்.

தறிச்சத்தம் (சனி, இரவு 11:02)

அவருக்குப் பதிலாக வேறு ஒன்றைக் கொடுங்கள் தங்கச்சி. ராச்சாப்பாட்டுப் பாத்திரம் என்ன குறை?

பாதைக்காரன் (ஞாயிறு, காலை 7:10)

சின்னவிரலை ஒருக்கா போட்டோ எடுத்துப் போட முடியுமா? இந்தக் கிழமை கச்சான் காற்று அடித்து பாதை நடுவில் ஆடிக்கொண்டே நிற்கிறது, எனக்கு இரண்டு வரியே நாலாகிவிட்டது. மழைக்காலத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? மாரியில் என் கொப்பி எல்லாம் நமுத்து, மை பரவிவிடும். நான் பென்சிலுக்கு மாறிவிடுவேன்.

கல்லடிப்பென்சில் (ஞாயிறு, காலை 7:30)

ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே பெட்டி இருக்கிறதுதானே சேர், ஷொப்பிங் பைக்குள் சுற்றி வைப்பேன். மழைக்குக் கடப்படியில் நிற்க முடியாது, எதிரே கடைத் தாழ்வாரம் இருக்கிறது. கடைக்கார ஐயாவின் கையையும் அப்போது பார்க்கலாம், பாக்கு வெட்டுகிற கை. போட்டோ பிறகு போடுகிறேன், இன்னும் ஒரு தடவை கீற வேண்டும்.

நாலரைமணி (ஞாயிறு, காலை 8:15)

எல்லாருக்கும் வணக்கம், நான் திரும்பி வந்துவிட்டேன். நானும் ஒரு அறிக்கை. போன பத்து நாளாக நாலரைக்கு எழும்பி நேரே அடுப்படிக்குப் போகிறேன். மாக் குழைத்து, புட்டை அவிய விட்டு, அது அவியும் நேரத்தில் அடுப்படி முக்காலியில் இருந்து எழுதுகிறேன். கணக்குப் பார்த்தேன், ஒரு மணித்தியாலம் போய் 12 நிமிடம் மிஞ்சுகிறது. முதல் நாள் ஆவி பட்டுக் கதையின் முதல் பக்கம் சுருண்டுவிட்டது. அம்மா எழும்பி வந்து, கள்ளன் என்று நினைத்து விளக்குமாறை எடுத்தா.

கல்லடிப்பென்சில் (ஞாயிறு, காலை 8:20)

தேங்காய் திருவியது யார், தம்பி?

நாலரைமணி (ஞாயிறு, காலை 8:34)

அதை அம்மா முதல் நாள் இரவே திருவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறா, அக்கா. நாளைக்குக் கேட்கிறேன், திருவலை எங்கே இருக்கிறது என்று.